என் தங்கை செய்த பன்னிரண்டடிப் படி

கள்ளக்குறிச்சியில் பெண்கள் விடுதி ஒன்றின் வாசலில் எட்டடி உயரத்துக்கு ஒரு பேன் சீப்பு நிற்கிறது. இரண்டு பக்கமும் நெருக்கமாகப் பல் வைத்த, எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே சீப்பு. வெள்ளிமலையில் பஸ் வந்து திரும்பும் இடத்தில் இரும்புத் தகட்டில் ஒரு பெரிய குடை விரிந்திருக்கிறது. மழை வந்தால் ஒரு பஸ் கூட்டமே அதன் கீழே ஒதுங்கும். இரண்டையும் செய்தவள் என் தங்கை இசைவாணி. நான் அவளுக்கு மூத்தவள், மலர்விழி. எட்டாவது வரைக்கும் படித்தேன். கள்ளக்குறிச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். அவளைப் பற்றி எழுதச் சொன்னபோது நான் தயங்கவில்லை. அவளுடைய ஒவ்வொரு வேலைக்கும் முதல் ஊசி முனையிலிருந்து கூட இருந்தவள் நான்.

எங்கள் ஊர் புங்கந்தாங்கல். கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் நடுவில் இருக்கிறது. எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா அம்மாசி, வாணி கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா சாலம்மாள் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கூலிக்குப் போய் எங்கள் இருவரையும் வளர்த்தார். பன்னிரண்டாவது முடித்ததும் கும்பகோணத்தில் ஓவியம், சிற்பம் சொல்லிக்கொடுக்கிற கல்லூரியில் வாணிக்கு இடம் கிடைத்தது. தெருவில் ஒரு பெண் அம்மாவிடம் கேட்டாள்.

"கோலம் போடறதுக்குக் கூடவா காலேஜு வச்சிக்கினு இருக்கறாங்க?"

"வைக்கணும்டீ," என்றார் அம்மா. "நீ உன் வாசல்ல போடறதப் பாத்தா கட்டாயம் வைக்கணும்னுதான் தோணுது."

படித்துவிட்டு வந்தவளை ஆள் சிலை செய்யத்தான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. "ஆளுங்களுக்கு எவ்ளோ சிலை இருக்குதுக்கா. அந்த ஆளுங்க தினம் கையில புடிச்ச சாமானுக்கு ஒன்னு கூட இல்ல பாரு," என்றாள். அரிசி ஆலைகளுக்கு நெல் தொட்டி செய்து கொடுக்கிற பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தாள். தகட்டை உருளையில் விட்டு வளைப்பதை அங்கேதான் கற்றுக்கொண்டாள். பட்டறைக்காரர் என்னிடம் ஒரு தடவை சொன்னார். "நம்ம பசங்க வெல்டிங் வச்சா சுவத்துக்குப் பூசு வேலை பண்ண மாரி இருக்கும். உன் தங்கச்சி வச்சா பூ தொடுத்த மாரி இருக்குதும்மா." கொஞ்ச நாளில் பட்டறையின் பின்பக்க மூலையை அவளுக்கே ஒதுக்கிக் கொடுத்தார்.

வாணியின் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளைச் செய்வதானாலும் ஒரு மாதம் அதைத் தானே புழங்கிப் பார்ப்பாள். பேன் சீப்பு செய்த மாதத்தில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துத் தலை வாரினாள். அந்த மாதம் எங்கள் தெருவில் ஒரு தலையிலும் பேன் இல்லை. புழங்கி முடித்த பிறகு என்னுடைய தையல் டேப்பை வாங்கிப் பொருளை அளப்பாள். செய்தித்தாள்களைக் கோந்து வைத்து ஒட்டி, நான் ரவிக்கைக்குக் காகிதம் வெட்டுகிற மாதிரியே பெரிய அளவில் வெட்டி, அதைத் தகட்டின்மேல் போட்டுக் கோடு இழுப்பாள்.

வெள்ளிமலைக் குடைக்காக ஒரு மாதம் மலையிலேயே தங்கினாள். அந்தக் குடையின் கம்பிகளில் ஒன்று வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். வேலையைப் பார்க்க வந்த அதிகாரி, கம்பி கோணலாக இருக்கிறது, நேராக்கிக் கொடுங்கள் என்றார். பக்கத்தில் நின்றிருந்த ஜீப் ஓட்டுநர் சிரித்துவிட்டார். "சார், இந்த ஊர்ல கம்பி வளையாத கொடை ஒரு வூட்டுல காட்டுங்க. எங்க காத்த இந்தம்மா மாசம் பூரா வாங்கியிருக்குது. அதான் தெரிஞ்சி வச்சிருக்குது." கம்பி அப்படியே இருக்கிறது. வளைந்த அந்தக் கம்பியோடு நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு.

இப்படி வெளியூர்களில் பேர் வாங்கியவளை எங்கள் ஊர் மட்டும் கூப்பிடவே இல்லை. போன வருடம்தான் அது நடந்தது. புங்கந்தாங்கல் வாரச்சந்தைக்குப் புதிதாகக் கூரையும் சிமெண்டு மேடையும் போட்டார்கள். சந்தைக் கமிட்டித் தலைவர் தீனதயாளன், ஊரில் பெரிய விவசாயி. அம்மா அதிகம் கூலிக்குப் போனது அவர்கள் வயலுக்குத்தான். அவர் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"ஊர் ஊரா வைக்கற, நம்ம ஊருக்கு ஒன்னு வைக்க மாட்டியா வாணி?"

"நீங்க கேக்கவே இல்லியேண்ணே."

"இப்ப கேக்கறேன். சந்தை வாசல்ல ஒரு படி வேணும். நம்ம ஊர் யாவாரம் நேர்மையான யாவாரம்னு பாத்த ஒடனே தெரியணும்."

தானியம் அளக்கிற படிதான். எங்கள் சந்தையில் கம்பு, கேழ்வரகு, வேர்க்கடலை எல்லாம் இன்னும் படிக்கணக்கில்தான் விற்கிறார்கள். அவர் போன பிறகு வாணி என்னிடம் சொன்னாள். "எத்தினி ஊர்ல வச்சாலும் இங்க ஒன்னு இல்லாம இருந்துதுக்கா. அம்மா தினம் அந்த வழியாதான் போவுது. அது பாக்கற மாரி ஒன்னு நிக்கணும்." அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வழக்கப்படி ஒரு மாதம் எங்கள் வீட்டுப் படியைப் புழங்கினாள். அரிசி அளப்பாள், கழுவுவாள், மற்ற பாத்திரங்களோடு அலசுகிற கல்லின்மேல் கவிழ்த்து வைப்பாள். கவிழ்த்து வைத்த படியின் அடிப்பாகத்தில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள் இருக்கும். காலை வெயில் அதில் விழுவது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கவிழ்ந்து நின்றால் மழைத்தண்ணீரும் தேங்காது, போகிறவர் வருகிறவர் குப்பையும் போட முடியாது. பன்னிரண்டடி உயரத்தில் படியைக் கவிழ்த்த வாக்கிலேயே செய்து முடித்தாள்.

கிரேன் வைத்து இறக்கி நிறுத்திய அன்று ஊரே கூடிவிட்டது. கொஞ்ச நேரம் எல்லாருக்கும் சந்தோஷம்தான். பிறகு தானிய வியாபாரி பழனி மொபெட்டில் வந்தார். வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார்.

"ஏ வாணி, இன்னா இது, கவுத்து வச்சிருக்கற?"

"மழத்தண்ணி நிக்காது பாருங்கண்ணே."

"தண்ணி நிக்காது. நெல்லும் நிக்காது," என்றார் பழனி. "எங்கப்பா கடையில நான் படியக் கவுத்தா அன்னிக்கு முதுகு வீங்கிடும். படியக் கவுத்தா இருப்பு தீந்து போச்சின்னு அர்த்தம். நாலு நெல்லு மணியாவது உள்ள கெடக்கணும். நீ சந்தை வாசல்லயே கவுத்து வச்சிட்டா இன்னாத்துக்கு ஜனம் உள்ள வரும்?"

வாணி என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். எங்களில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. குதிரும் மூட்டையும் இருக்கிற வீடுகளில் படியைக் கவிழ்ப்பதில்லை. எங்கள் வீட்டிலோ படி ஒரு சமையல் பாத்திரம். இருப்பு தீர்ந்ததைத் தனியாகச் சொல்லிக் காட்ட வேண்டிய தேவை எங்களுக்கு வந்ததே இல்லை.

தீனதயாளன் கோபப்படவில்லை. "தெரியாம செஞ்சிட்ட. நிமித்திடு," என்றார். வாணியும் வாதாடவில்லை. பொருளைப் புழங்குகிறவர்கள் சொன்னால் சரி என்று மறுபடி கிரேன் வரவழைத்து நிமிர்த்தினாள். வாய் மேலே பார்த்தபடி நின்றது படி.

அடுத்து வந்த மழை அதில் நிரம்பிவிட்டது. கொசுப் புழு பார்க்கிற சுகாதாரப் பணியாளர்கள் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார்கள். உள்ளே புழு நெளிகிறது, அடியில் ஓட்டை போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். வாணி எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டினாள். தண்ணீர் வடிந்தது. துருவோடு சேர்ந்து மேடையெல்லாம் வெற்றிலை எச்சில் துப்பினது போல ஆயிற்று.

அந்தச் சந்தைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் சிரித்த சிரிப்பை நானே கேட்டேன். காய்ந்த மிளகாய் வாங்க வந்த ஒருவர் கூட வந்தவரிடம் சொன்னார். "எங்க ஊர்லயும் படியில தில்லுமுல்லு பண்ணுவானுங்க. அடியத் தட்டி லேசா உள்ள தள்ளி வச்சிருப்பானுங்க. இவனுங்க பரவால்ல, தைரியமா ஓட்டையே போட்டுட்டு வாசல்ல வச்சிட்டானுங்க." ஓட்டப்படி சந்தை என்று பேர் பரவிவிட்டது. வியாபாரிகள் கமிட்டியிடம் போய் நின்றார்கள்.

தீனதயாளன் பட்டறைக்கே வந்தார். "நானே கேட்டு வாங்கிட்டு நானே எடுன்னு சொல்றது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது வாணி. ஆனா ஓட்டையும் இருக்கக் கூடாது, தண்ணியும் நிக்கக் கூடாது, கவுக்கவும் கூடாது. வழி இருந்தா சொல்லு. இல்லாட்டி லாரிக்குச் சொல்லிடறேன். வெறும் பேர்ப்பலகை போதும்னு கமிட்டியில பேசறாங்க."

கூட வந்த ஓவர்சியர் அங்கேயே ஒரு வழி சொன்னார். "இதுக்கு இன்னாத்துக்குக் கவலை? மேல ஒரு தகடு போட்டு வாயை மூடிடுங்க. லேசா சாய்ப்பு குடுத்தா தண்ணி ஓடிடும். தலை தட்டி அளந்த படி மாரி அழகா இருக்கும்."

எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. எனக்கும்தான். வாணியும் சரி என்று வீட்டுக்கு வந்து காகிதத்தில் வட்டம் இழுக்க உட்கார்ந்தாள். அம்மா முறத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். தலை தட்டின படியாக மூடப்போகிறேன் என்றாள் வாணி.

"அப்ப நான் அந்தப் பக்கம் வரல," என்றார் அம்மா.

"ஏம்மா?"

அம்மா கடலையை வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்து, இல்லாத ஒரு படியின் வாயை ஒரு இழுப்பாக வழித்துக் காட்டினார். "கூலி அளக்கறப்போ இப்படி வழிச்சி உடுவாங்க. வழிச்சது களத்துல உழும். உழுந்தது அவங்களுது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கை நெல்லு. அது எவ்ளோன்னு நான் எண்ணிப் பாத்ததில்ல. எண்ணினா மறுநா வேலைக்குப் போக முடியாது. அதையே பெருசா செஞ்சி ஊர் வாசல்ல வைக்கப் போறியா? வை. நான் வேற வழியா போய்க்கறேன்."

வாணி காகிதத்தை மடித்து வைத்தாள்.

"குவிச்சி யாராவது அளந்து பாத்திருக்கறியாம்மா?"

"உப்புக்காரன் அளப்பான்," என்றார் அம்மா. "உப்பு மலிவு."

வாணி எழுந்து போய்ப் படியைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். பக்கத்து வீட்டில் நெல் வாங்கி வந்து கொட்டினாள். வாய் நிறைந்த பிறகும் கொட்டினாள். நெல் கூம்பாக ஏறி, இனி ஒரு மணியும் தாங்காது என்கிற இடத்தில் சரிந்து வழிந்தது. என் டேப்பை வாங்கி அந்தச் சரிவை அளந்தாள். எந்தப் பக்கம் மழை விழுந்தாலும் தண்ணீர் நிற்க இடமில்லாத சரிவு. ஓட்டையும் தேவையில்லை, கவிழ்க்கவும் தேவையில்லை. மூன்று தொல்லைக்கும் ஒரே வழியாக அது எங்கள் வீட்டுத் தரையில் நின்றது.

ஆனால் தீனதயாளனிடம் சொல்ல வேண்டுமே. நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். வாணி சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"எங்க வூடு படியளந்த வூடு. எங்கப்பா எப்படி அளந்தாருன்னு ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியும். நீ இப்ப குவிச்சி வச்சா, எங்களக் குத்திக்காட்டற மாரி ஆவாதா?"

"தலை தட்டி வச்சாதாண்ணே அது உங்கப்பாவோட படி," என்றாள் வாணி. "குவிச்சி வச்சா அது சந்தையோட படி."

"இத உங்கம்மா சொல்லி அனுப்பிச்சா?"

"தலை தட்டினா அந்தப் பக்கம் வர மாட்டேன்னு மட்டும்தான் அம்மா சொல்லிச்சி. குவிக்கணும்னு சொல்றது நான்."

அவர் மனைவி ராதிகா சொம்பில் மோர் கொண்டுவந்தார். எங்கள் கையில் கொடுத்துக்கொண்டே கணவரைப் பார்த்துச் சொன்னார். "ஓட்டப்படி ஊர்ல வாக்கப்பட்டவன்னு எங்க அண்ணி போன் பண்ணிச் சிரிக்கறாங்க. எனக்கு அது போனா போதும். குவிச்சி அளந்த வூட்டுக்காரின்னு யாராவது தப்பா நெனச்சிக்கினா நான் ஒன்னும் திருத்தப் போறதில்ல."

தீனதயாளனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னார். "செய். ஆனா ஒரு மழை பாப்போம். உள்ள தண்ணி எறங்கினா லாரிதான்."

வாணி முதலில் ஓட்டையை அடைத்தாள். தேய்த்து வழவழப்பாக்கிய பிறகு அது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. வாயின்மேல் தகட்டுக் கூம்பு ஏறியது. கூம்பை நெல்லாக்க வேண்டுமே. பட்டறையில் தொட்டி வெட்டிக் கழித்த துண்டுத் தகடுகளைக் கையளவு நெல்மணிகளாக வெட்டி, குழி அச்சில் வைத்துச் சுத்தியால் தட்டினால் உப்பிக்கொள்ளும். அறுப்பு முடிந்திருந்த சமயம் அது. எங்கள் தெருப் பெண்கள் பட்டறைக்கு வந்து தட்டினார்கள். ஒருத்தி தட்டியதை இன்னொருத்தி, "இது நெல்லா, வறுத்த முந்திரியா?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டேதான் அவ்வளவு மணியும் தயாராயிற்று.

வாணி அவற்றைக் கூம்பில் வரிசை வரிசையாக அழகாக ஒட்டினாள். நுணுக்கமான வேலை. எனக்குக் கண்ணை எடுக்க மனமில்லை. அம்மா வந்து பார்த்தார். ஒரு சுற்று சுற்றினார்.

"இது மீனு," என்றார்.

பார்த்தால் மீன் செதில்தான். அத்தனை வேலையையும் அவள் பெயர்த்து எடுத்தாள். அவளுக்கு ஒரு முகச்சுளிப்பும் இல்லை. கூம்பில் ஆங்காங்கே காந்தத்தை வைத்துவிட்டு ஏணியில் ஏறி மணிகளைக் கைநிறைய அள்ளிக் கொட்டினாள். எது எப்படி விழுந்து ஒட்டிக்கொண்டதோ அப்படியே வெல்டிங் வைத்தாள். சரிந்து போனவற்றை விளிம்பைத் தாண்டிப் படியின் பக்கவாட்டில் வழிகிற மாதிரி வைத்தாள். சிலவற்றைக் கீழே சிமெண்டு மேடையிலேயே பதித்தாள். மறுபடி வந்த அம்மா மேடையில் பதித்த மணி ஒன்றைக் குனிந்து எடுக்கப் பார்த்தார். வரவில்லை. அதற்குப் பிறகு வாணி யாருடைய கருத்தையும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு சந்தை நாளிலேயே மழை பிடித்துக்கொண்டது. வியாபாரிகளும் வாங்க வந்தவர்களும் கூரைக்கு அடியில் நெருக்கிக்கொண்டு வாசலையே பார்த்தார்கள். தண்ணீர் நெல்மணிகளுக்கு நடுவில் புகுந்து, விளிம்பைத் தாண்டி, படியைச் சுற்றி நாலா பக்கமும் வழிந்தது. அளக்க அளக்க மிஞ்சி வழிகிற மாதிரி இருந்தது. வாணி என் பக்கத்தில் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். மழை குறைந்ததும் பழனி குடையோடு போனார். படியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். விரலை மடக்கித் தட்டினார். ஒவ்வொரு பக்கமாகப் போய்த் தட்டிவிட்டு வந்தார்.

"ஒரு சொட்டு எறங்கல," என்றார் தீனதயாளனிடம். "உள்ள காலி. வெளிய பாத்தா நெறஞ்சி வழியுது. நம்ம யாவாரிங்க மாரியேதான் இருக்குது."

தீனதயாளன் சிரித்தபடி வாணியிடம் வந்தார். "கமிட்டிக்கு நான் சொல்லிக்கறேன். படி நிக்கட்டும்." பிறகு கூட்டத்தில் அம்மாவைத் தேடிப் பார்த்து, "சாலம்மா, உன் பொண்ணு பொழச்சிக்கிச்சி," என்றார்.

"அவ எப்பவோ பொழச்சிக்கினா," என்றார் அம்மா. "ஊருதான் இன்னிக்குப் பொழச்சிது."

இப்போது புங்கந்தாங்கல் சந்தை என்றால் சுற்றுவட்டாரத்தில் குவிச்சப்படி சந்தை என்றுதான் சொல்கிறார்கள். எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி போட்டுக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். பேப்பரில் படம் வந்தது. என் கடைக்குத் துணி கொடுக்க வருகிறவர்கள் அளவு சொல்வதற்கு முன்பே தங்கையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நானும் ஊசியை வைத்துவிட்டுச் சொல்கிறேன். அதற்கு எனக்கு அலுப்பே வந்ததில்லை.

எல்லாவற்றையும் விட, போன வாரம் சந்தையில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அம்மா பழனி கடையில் வேர்க்கடலை வாங்கினார். பழனி படியில் அள்ளி, பழக்க தோஷத்தில் கையால் வழித்துவிட்டார். அம்மா தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார், அவ்வளவுதான். பின்னால் நின்றிருந்த பெண்கள் விட்டுவிடவில்லை.

"அண்ணே, மேல பாத்து அளங்க."

"அங்க அவ்ளோ வழியுது, இங்க இன்னா மொட்டையா இருக்குது?"

பழனி வழித்ததை எல்லாம் அள்ளி மறுபடி படியில் போட்டார். குவியல் ஏறியது. சரியத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பெண்கள் போதும் என்றார்கள். அம்மா பையை விரித்து வாங்கிக்கொண்டார். பழனி என்னைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"மலரு, உன் தங்கச்சி அடுத்தது இன்னா செய்யப் போவுதாம்?"

"இன்னும் சொல்லலண்ணே. ஏன்?"

"தராசு செய்யப் போறேன்னு சொன்னா எங்கிட்ட முன்னாடியே சொல்லிடு. நான் படிய வுட்டுட்டுத் தராசு புடிக்கற காய்கறி யாவாரத்துக்கு மாறலாம்னு இருக்கறேன்."